தோப்பு வீட்டுக் கிரயம்

கல்யாணமான பதினாலு வருஷத்தில் தர்மாம்பாள் பதினோரு வாடகை வீடு மாறியிருந்தாள். புருஷன் துரைராசு நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். எந்த ஊரில் நெல் விளைகிறதோ அந்த ஊருக்கு மாற்றல் போடுவார்கள். இந்தச் சீமையில் நெல் விளையாத ஊர் எது? சாமான் ஏற்றி இறக்கிப் பழகியதில் லாரிக்காரர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் பெயரெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

மாற்றலைக்கூட மன்னித்துவிடலாம், வீட்டுக்காரிகளை மன்னிக்க முடியாது. மன்னார்குடியில் ஒருத்தி சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றாள். வேதாரண்யத்தில் ஒருத்திக்கு அம்மி அரைக்கிற சத்தம் ஆகாது. இப்போது முத்துப்பேட்டையில் இருக்கிறவள் அவர்களுக்கெல்லாம் ஒரு படி மேல். விருந்தாளி வந்தால் எத்தனை நாள் தங்குவார்கள் என்று வாசலிலேயே அவர்களிடம் கேட்டுவிடுவாள். போன ஆவணியில் அவள் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. "தை பொறந்ததும் காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே தர்மாம்பாள் தீர்மானித்தாள்: பன்னிரண்டாவது வீடு வாடகை வீடு இல்லை. அப்பா சொத்தில் தன் பங்குக்கு வந்த இரண்டு மா நிலத்தை விற்ற பணம் பாங்கியில் கிடந்தது. துரைராசு சேமநிதியில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். ஆசைக்கு அது பத்தாது, ஆனால் ஒரு வீட்டுக்குப் பத்தும்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை துபாயில் இருந்தான். மனை விலை குத்தகைக்காரன் கண்ணுக்கும் எட்டவில்லை, குமாஸ்தா கண்ணுக்கும் எட்டவில்லை. தரகர் மீரா உசேன்தான் தைரியம் சொன்னார். வெயிலானாலும் மழையானாலும் விரிக்காத ஒரு கறுப்புக் குடை அவரிடம் உண்டு. வீட்டைச் சுட்டிக் காட்டுவதற்குத்தான் அந்தக் குடை. பக்கத்து ஊர் என்றால், இவள் பஸ்ஸில் போய் இறங்குவதற்குள் அவர் சைக்கிளில் போய்ச் சேர்ந்து, வீட்டுக்காரரிடம் இவளைப் பற்றி இல்லாததும் பொல்லாததுமாகப் புகழ்ந்து வைத்திருப்பார்.

முதலில் பார்த்தது அதிராம்பட்டினத்தில். வீடு பெட்டி மாதிரி கச்சிதம். விலை படிந்து, தேத்தண்ணியும் வந்துவிட்டது. அப்போதுதான் வீட்டுக்காரர், "வீடு மக பேர்ல இருக்கு" என்றார். "அதனால என்னங்க, மகளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றாள் தர்மாம்பாள். அவர் கூடத்து மூலையில் ஆடிக்கொண்டிருந்த தொட்டிலைக் காட்டினார். அந்த ஊரில் வீடு என்றால் பெண்ணுக்குத்தான். பிறந்த உடனே சிலர் எழுதிவிடுகிறார்கள். கையெழுத்துப் போட அந்த எசமானிக்கு இன்னும் பதினேழு வருஷம் பாக்கி இருந்தது.

"அப்புறம் ஏங்க விக்கிறதாச் சொன்னீங்க?"

"என்ன வெலைக்குப் போகுமுன்னு தெரிஞ்சு வச்சுக்கலாமேன்னுதான்."

மீரா உசேன் பஸ் நிறுத்தம் வரைக்கும் குடையால் தரையைக் குத்திக்கொண்டே வந்தார்.

அடுத்தது சீர்காழிப் பக்கம், துரைராசுவின் சொந்த ஊருக்கு அருகில். வீட்டின் செங்கலும் ஓடும் மட்டும்தான் விற்கிறவருக்குச் சொந்தம். அடியில் இருக்கிற மண் கோயிலுக்குச் சொந்தம். மாதாமாதம் மனை வாடகை கட்ட வேண்டும். "சாமிய விட நல்ல வீட்டுக்காரர் ஒங்களுக்குக் கெடைப்பாரா தங்கச்சி?" என்றார் மீரா உசேன். "வேணாம் பாய். இவரும் ஒரு நாளைக்குக் காலி பண்ணச் சொல்லுவாரு" என்று அவள் திரும்பி நடந்தாள். மூன்றாவது வீட்டில் காலையில் சொன்ன விலை சாயங்காலம் இல்லை. நடுவில் தபால்காரர் வந்து அபுதாபியிலிருந்து ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான்காவது வீட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் பூனைகூடக் குடியிருக்காது.

ஐப்பசி போய் கார்த்திகை வந்துவிட்டது. வீட்டுக்காரி தினம் ஒருமுறை வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். தர்மாம்பாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிய நேரத்தில், மீரா உசேன் குடையை ஆட்டிக்கொண்டு வந்து நொச்சிக்கரை தோப்பு வீட்டைப் பற்றிச் சொன்னார்.

முத்துப்பேட்டையிலிருந்து மூன்று மைல். வாய்க்காலை ஒட்டி முப்பது தென்னை, நடுவில் இரண்டு கட்டு வீடு. முன்கட்டில் தேக்குத் தூண் போட்ட கூடமும் இரண்டு அறையும். நடுவில் முற்றம். பின்கட்டில் நெல் அறை, சமையலறை, நீளமான தாழ்வாரம், கொல்லையில் கிணறு. தர்மாம்பாள் உள்ளே கால் வைத்ததுமே மனசுக்குள் பீரோவை ஒரு மூலையிலும் கட்டிலை ஒரு மூலையிலும் போட்டுவிட்டாள். விற்கிறவர் பெயர் பஞ்சநதம், மெட்ராஸில் பாங்கி உத்தியோகம். அவருடைய அப்பா அந்த ஊர் மிராசுதார். நிலத்தில் கொஞ்சம் உச்சவரம்புச் சட்டத்தில் போயிற்று, கொஞ்சம் கோர்ட்டில் போயிற்று, மிச்சம் இருந்தது கூலித் தகராறில் தரிசாகக் கிடந்து விலை போயிற்று. அப்பா போன வருஷம் காலமாகிவிட்டார். பஞ்சநதத்துக்கு இந்த ஊரோடு கணக்கை முடித்தால் போதும். விலையைக்கூட அவர் இழுத்துப் பிடிக்கவில்லை.

தோப்பைச் சுற்றிப் பார்க்கும்போது, மட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவி தூரத்திலிருந்து குரல் கொடுத்தாள். "அந்த மரத்துக்குக் கீழ நிக்காதீங்கம்மா, முத்தல் விழும்."

தர்மாம்பாள் நகர்ந்துகொண்டாள். பத்து எண்ணுவதற்குள் அவள் நின்ற இடத்தில் ஒரு தேங்காய் பொத்தென்று விழுந்தது.

"யாரு அது?"

"அதுவா, வேம்பு. எங்க பண்ணையில இருந்தவ. மாட்டுக் கொட்டகை கூட்டுவா, நெல்லு காய வப்பா. புருஷன் இல்ல. வாய்க்கா மேட்டுல குடிசை போட்டுக்கிட்டு இருக்கா" என்றார் பஞ்சநதம்.

முன்பணம் கைமாறியது. அடுத்த வாரம் முத்துப்பேட்டையில் பத்திர எழுத்தர் கோவிந்தராசு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பேனா மூடி கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

"சார், இந்த வீடு ஒங்களோடது இல்ல. எழுபதாம் வருஷத்துலேயே ஒங்க அப்பா இதைக் கிரயம் பண்ணிக் குடுத்துட்டாரு."

"யாருக்கு?"

"மாரி பெண்சாதி வேம்புவுக்கு."

நடந்தது இதுதான். எழுபதில் உச்சவரம்பு பதினைந்து ஏக்கர் என்று சட்டம் குறைந்தபோது, மிராசுதார்கள் கையில் கிடைத்த பெயரிலெல்லாம் நிலத்தை எழுதி வைத்தார்கள். கொழுந்தியாள் பேரில், சமையற்காரர் பேரில், பண்ணையாள் பேரில். ஒருவர் வண்டிமாட்டின் பேரில் எழுதப் போய்ப் பதிவாளர் திருப்பி அனுப்பியதாகக்கூட ஒரு பேச்சு உண்டு. எழுதி வாங்குகிறவர்களுக்குச் சொல்கிற வழக்கமும் இல்லை. பஞ்சநதத்தின் அப்பாவும் தோப்பை வேம்பு பேரில் தள்ளிவிட்டார். தோப்பும் வீடும் ஒரே சர்வே நம்பர், அதுவும் கணக்கில் வெறும் புஞ்சைத் தோப்பு என்றுதான் இருந்தது. அவசரத்தில் பெரியவர் மரத்தை எண்ணினார், நடுவில் தன் வீடு நிற்பதை மறந்துவிட்டார். பதிமூன்று வருஷமாகக் கிஸ்தி ரசீதுகூட வேம்பு பேரிலேயே வந்துகொண்டிருக்கிறது. அதையெல்லாம் பண்ணைக் காரியஸ்தர் கட்டிவிட்டுக் கட்டாகக் கட்டிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்.

பஞ்சநதம் வில்லங்கத்தை மடித்து எழுத்தரிடமே கொடுத்தார். "ஒரு கைநாட்டுதானே? நான் கூட்டிக்கிட்டு வரேன். நான் சொன்னா போடுவா. நீங்க கவலைப்படாதீங்கம்மா."

தர்மாம்பாள் கவலைப்படவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னபோது, "அது அவங்களுக்குள்ள உள்ளது. நமக்குப் பத்திரம் சுத்தமா இருந்தா சரி" என்றார் துரைராசு. அவளுக்கும் அதுவே சரியாகப் பட்டது. மார்கழியில் யாரும் கிரயம் பண்ண மாட்டார்கள், கார்த்திகை முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. வாய்க்கு வந்த சோற்றை யாராவது தட்டிவிடுவார்களா?

பதிவு நாளன்று காலையிலேயே வேம்பு வந்துவிட்டாள். வெளுத்த புடவை கட்டி, தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரி, பதிவு அலுவலகத்து வேப்பமரத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தர்மாம்பாளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்களும் பென்சனுக்கா வந்தீங்கம்மா?"

"என்ன பென்சன்?"

"முதியோர் பென்சன். சின்ன எசமான் எழுதி வாங்கித் தரேன்னாரு. ஒரு கைநாட்டு வச்சாப் போதுமாம். மவராசன், மெட்ராஸ்ல இருந்தாலும் நம்மள மறக்கல பாருங்க."

தர்மாம்பாளுக்கு வந்தது பயம் இல்லை, பரிதாபமும் இல்லை, சுத்தமான கோபம். அவளுடைய அப்பா செத்த பதினாறாம் நாள், "ரேஷன் கார்டுல பேரு மாத்தணும், இதுல ஒரு கையெழுத்துப் போடு தர்மு" என்று பெரியண்ணன் ஒரு காகிதத்தை நீட்டினார். அழுத கண்ணோடு போட்டுக் கொடுத்தாள். ஐந்து மா வர வேண்டிய இடத்தில் இரண்டு மாதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. அண்ணனிடம் அவள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காத அந்தக் கோபம் பதினோரு வீட்டுக்கும் லாரியில் அவளோடு ஏறி வந்தது. இந்தக் கிழவியின் கட்டைவிரலுக்கு இப்போது தன் பணத்தில் மை வாங்குகிறார்கள் என்று நினைத்ததும் அவளுக்கு உட்கார முடியவில்லை.

"வேம்பு, இது பென்சன் இல்ல. அந்தத் தோப்பும் வீடும் ஒன் பேர்ல இருக்கு. அதை எனக்கு வித்ததா எழுதத்தான் ஒன்னைக் கூட்டியாந்திருக்காங்க."

வேம்பு வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லா வேடிக்கை பேசுறீங்கம்மா."

"பாய், இங்க வாங்க. அந்த வில்லங்கத்தைச் சத்தமாப் படிங்க."

மீரா உசேன் ஒரு கணம் தயங்கினார். இந்தக் கிரயம் நின்றால் அவருடைய கமிஷனும் நிற்கும். பெருமூச்சு விட்டுக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிவரியாகப் படித்தார். மரத்தடியில் இருந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். படித்து முடித்துவிட்டு, "வேம்பு அம்மா, வாஸ்தவந்தான். நீங்கதான் எசமானி" என்றார்.

பஞ்சநதம் ஓடிவந்தார். "என்னங்க இது? ஒங்களுக்கு வீடு வேணுமா வேணாமா?"

"வேணும். சொந்தக்காரங்ககிட்டேர்ந்து வேணும்."

"நான் கோர்ட்டுக்குப் போவேன்."

"தாராளமாப் போகலாம்" என்றார் கோவிந்தராசு, திண்டில் சாய்ந்தபடியே. "அரசாங்கத்தை ஏமாத்தத்தான் எங்கப்பா பொய்க் கிரயம் எழுதினாருன்னு கூண்டுல ஏறிச் சொல்லணும். அப்புறம் மத்த சர்வே நம்பரையும் எடுடாம்பாங்க. யோசிச்சுக்குங்க சார்."

பஞ்சநதம் யோசித்தார். ஒரு சோடா வாங்கிக் குடித்தார். சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து எழுத்தர் மேஜை மேல் வைத்துவிட்டு, முன்பணத்தை மறுநாள் மணியார்டரில் அனுப்புவதாகச் சொல்லி, சாயங்கால ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார். சொன்னபடி அனுப்பவும் செய்தார். மோசமான மனுஷர் இல்லை.

வேம்பு சாவியைக் கையில் எடுக்கவில்லை. "உள்ள எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டாள்.

"எதுக்குள்ள?"

"வீட்டுக்குள்ள. முப்பது வருஷமா கொட்டகை வரைக்குந்தான் போயிருக்கேன்."

தர்மாம்பாள் சாவியை எடுத்துக்கொண்டாள். "வாங்க, காட்டுறேன்" என்றாள். அதுவரை நீ என்று பேசிய வாயில் அந்த 'வாங்க' தானாக வந்தது.

மத்தியான பஸ்ஸில் மீரா உசேனையும் சேர்த்து மூன்று பேரும் நொச்சிக்கரைக்குப் போனார்கள். மூன்று முறை பார்த்த வீட்டை, வாங்க வந்தவள் சொந்தக்காரிக்குச் சுற்றிக் காட்டினாள். அதற்கு முன்னால் அப்படி ஒரு தரகு வேலையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இது கூடம், சித்திரையிலும் சில்லென்று இருக்கும். இந்த ஜன்னலைத் திறந்தால் வாய்க்கால் காற்று நேராக வரும். முற்றத்துத் தண்ணீர் நிற்காமல் ஓடும், பாருங்கள் வாட்டத்தை. ஒவ்வொன்றாகப் புகழப் புகழ, இதெல்லாம் நமக்கில்லை என்கிற நினைப்பு அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. மீரா உசேன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தனக்கே இவ்வளவு தெரியாது என்று முணுமுணுத்தார்.

வேம்பு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தாள். பிறகு கூடத்தின் நடுவில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"செங்கல் கட்டடத்துக்குள்ள நான் இருந்தது ஒரே தடவைதான். கூலி கேட்டு மறியல் பண்ணி இருபது நாள் திருச்சி ஜெயில்ல. அங்க வெளிச்சம் பத்தாது. இது நல்லா இருக்கு."

"நல்லா இருக்கும்" என்றாள் தர்மாம்பாள்.

"நான் விக்கலம்மா."

தர்மாம்பாள் எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நல்லது செய்தோம் என்ற நிறைவெல்லாம் அழுகைக்கு முன்னால் நிற்கவில்லை. மறுநாள் துரைராசுவே போய் இரண்டு வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தார்.

நான்காம் நாள் வேம்பு தேடிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு இளநீர்க் குலை. வாசலில் வீட்டுக்காரி "யாரு, என்ன வேணும்?" என்று மறித்ததற்கு, "ஒங்கள இல்ல, ஒங்க வீட்ல குடியிருக்கவங்களப் பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

"அம்மா, மூணு நாளு படுத்துப் பாத்தேன். ஒத்தையா அந்த வீட்ல என் இருமலே எனக்குத் திரும்பிக் கேக்குது. பாதி விக்கிறேன். வாங்கிக்கிறீங்களா?"

தர்மாம்பாள் துரைராசுவைப் பார்த்தாள். துரைராசு பத்திர எழுத்தரிடம் போகச் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார். "வாங்கிக்கிறோம்! முற்றத்துல சுவர் எழுப்பிடலாம். நீங்க பின்கட்டுல வசதியா..." என்று ஆரம்பித்தாள் தர்மாம்பாள்.

"பின்கட்டு ஒங்களுக்கு" என்றாள் வேம்பு. "முன்கட்டு எனக்கு."

துரைராசு எடுத்த செருப்பைக் கீழே விட்டார்.

"கொல்லப்பக்கம் முப்பது வருஷம் பாத்தாச்சும்மா. நீங்க இன்னும் பாக்கலல்ல? நல்லாத்தான் இருக்கும், பாருங்க. கிணறு ரெண்டு பேருக்கும் பொது. தென்னையில பதினஞ்சு ஒங்களுக்கு. வெலை பாதிக்குப் பாதி." சொல்லிவிட்டு இளநீரைக் கீழே வைத்து, கிண்டல் எதுவும் இல்லாத முகத்தோடு காத்திருந்தாள். பஞ்சநதம் காட்டாத கண்டிப்பு அந்த முகத்தில் இருந்தது.

அவள் போன பிறகு துரைராசு குதித்தார். "கொல்லை வழியாப் போய் வரதா? அதுவும் அவ வாசல்ல ஒக்காந்திருக்க, நாம பின்னால சுத்திப் போறதா? ஊர்ல என்ன பேசுவாங்க? ஒங்கண்ணன் என்ன பேசுவாரு?"

தர்மாம்பாளுக்கும் முகம் சுட்டது. பொய் சொல்வானேன், அவளும் அந்த ஊர் வழக்கத்தில் வளர்ந்தவள்தான். கொல்லை வாசல் என்பது யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். தன் அப்பா வீட்டில் அந்த வாசலில் நின்றவர்களுக்குத் தூக்கி ஊற்றிய கஞ்சியும் ஞாபகம் இருந்தது. அன்றைக்கு முழுவதும் பாத்திரங்களைப் படார் படாரென்று வைத்தாள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, பத்திரத்துல முன்னாடி பின்னாடின்னு இளப்பமாவா எழுதுவாங்க? சொந்தம்னுதானே எழுதுவாங்க?"

"அதுக்காக..."

"நாம ஆசைப்பட்டுக் கேட்டோம், அவங்க ஆசைப்பட்டதை அவங்க எடுத்துக்கிட்டாங்க. எனக்கு அந்தப் பின்கட்டு போதும். கோவிந்தராசுவப் போய்ப் பாருங்க."

இந்த முறை பதிவு அலுவலகத்தில் வேம்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். சம்மதம்தானா என்று பதிவாளர் கேட்டதற்கு, முழுப் பத்திரத்தையும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் விரலை நீட்டினாள். மீரா உசேன் பாதி வீட்டுக்குப் பாதிக் கமிஷன் வாங்கிக்கொண்டு, தன் வாழ்நாளில் இப்படி ஒரு தரகு பார்த்ததில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தை மூன்றாம் தேதி பால் காய்ச்சினார்கள். காலையிலேயே பெரியண்ணன் பட்டு வேட்டியும் தாம்பாளமுமாகக் காரில் வந்து இறங்கினார். முன்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வேம்புவைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"யாரும்மா நீ? இதுதானே தர்மாம்பா வீடு?"

"தர்மாம்பா வீடு பின்னால. இப்படிச் சுத்திக்கிட்டு, கொல்லப்பக்கமாப் போங்க. சேறா இருக்கும், பாத்துப் போங்க."

பட்டு வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாட்டுக் கொட்டகையைச் சுற்றி, கிணற்றடிச் சேற்றில் மிதித்து, பெரியண்ணன் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. தாம்பாளத்தை வைக்கக்கூட மறந்து நின்றார்.

"என்ன தர்மு இது? ஒன் வீட்டுக்கு வாசலே இல்லையா?"

தர்மாம்பாள் பொங்கி வந்த பாலைக் கரண்டியால் அமர்த்தினாள். இத்தனை வருஷம் அண்ணன் எதிரே எழும்பாத குரல் இன்றைக்கு நிதானமாக எழும்பியது.

"இருக்குண்ணே. இப்ப நீங்க வந்தீங்களே, அதுதான் என் வாசல். என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அண்ணன் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். அவள் முதல் டம்ளரை முன்கட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, இரண்டாவதை அவர் கையில் கொடுத்தாள்.